பதினான்கு வயதுக்குப் பிறகு வீட்டில் ஒரு பள்ளிக்கூடம்

சேலத்தை அடுத்த ஓமலூரில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கடைவீதியில் தென்பட்டால், எதிர்ப்படும் பெரியவர் சும்மா போக மாட்டார். "ஏங்கண்ணு, பள்ளிக்கூடம் போகலியா?" என்பார். உடம்பு சரியில்லை என்றால் விட்டுவிடுவார். லீவு என்றாலும் விட்டுவிடுவார். "வீட்லயே படிக்கறனுங்க" என்று பதில் வந்தால்தான் சிக்கல். அது அவர் காதில் "நின்னுட்டேன்" என்றே விழும். பையன் என்றால் தறிப்பட்டறைக்கோ வெள்ளிப்பட்டறைக்கோ போகிறான் என்று நினைத்துக்கொள்வார். பெண் என்றால், மாப்பிள்ளை பார்க்கிறார்கள் போல. பெங்களூரில் இதே பதிலுக்கு "எந்தப் பாடத்திட்டம்?" என்று மறு கேள்வி வரக்கூடும். ஓமலூர்ப் பெரியவரின் சந்தேகத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று இங்கே பேச வருகிறவர்கள் முதலில் அந்த அனுபவத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அனுபவம் தொடங்கும் கதையின் நாயகரே இந்தப் பக்கத்துக்காரர்தான். அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாகப் பெயரெடுத்து, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக உட்கார்ந்த ராஜாஜி, முதல்வரானபின் 1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பிள்ளை வீட்டில் அப்பனின் தொழிலைக் கற்கும். பள்ளிக்கூடம் போதாது, ஆசிரியர் போதாது, ஒரே கட்டடத்தில் இரண்டு முறை வைத்தால் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசின் கணக்கு. செருப்புத் தைக்கிறவர் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்பது எதிர்க்கேள்வி. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெரியாரும் திராவிட இயக்கமும் தெருவில் இறங்கினார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மறு மாதமே திட்டம் போயிற்று. பிறகு அவர் ஊர் ஊராகப் பள்ளி திறந்ததும் மதிய உணவு போட்டதும் எல்லோரும் அறிந்தது. ஆகவே தமிழ்நாட்டில் 'வீடும் ஒரு பள்ளிதான்' என்று யாராவது ஆரம்பித்தால், கேட்கிறவர் மனம் முதலில் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் போகும். பிள்ளையை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதே கல்வி என்று இரண்டு தலைமுறை பாடுபட்ட ஊர் இது.

இருந்தாலும், வீட்டில் படித்த பதின்வயதுப் பிள்ளை நமக்குப் புதிது அல்ல. அந்த வரிசையில் நான் முதலில் வைப்பது முத்துலட்சுமி ரெட்டியை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவமடைந்ததும் அன்றைய வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். பெரும்பாலான பெண்களுக்குக் கதை அங்கே முடிந்துவிடும். இவருக்கு முடியவில்லை, ஏனென்றால் அப்பா நாராயணசுவாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். பாடம் வீட்டுக்குள் தொடர்ந்தது. தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு வந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினர்.

இதைப் பெண்ணின் மன உறுதிக்குச் சான்றாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். உறுதி இருந்ததுதான். அதோடு மூன்று ஏற்பாடுகளும் இருந்தன. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே இருந்தார். பள்ளிக்குப் போகாதவரும் எழுதலாம் என்ற தேர்வு இருந்தது. தேறி வந்த பெண்ணுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்க அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தார். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் வீட்டோடு இருந்திருப்பார். நூற்றிருபது ஆண்டு கழித்தும் வீட்டுக்கல்வியின் கணக்கு இந்த மூன்றைச் சுற்றியே ஓடுகிறது.

மும்பையைச் சேர்ந்த மாள்விகா ஜோஷியின் கதை இதை நன்றாகக் காட்டும். ஏழாம் வகுப்பில் அம்மா பள்ளியிலிருந்து நிறுத்தினார். வேலையை விட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்தார். பெண்ணுக்கு நிரல் எழுதுவதில் பிடிப்பு வந்தது. சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கினாள். ஆனால் ஐஐடி வாசலில் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவளிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழே கிடையாது. கதவைத் திறந்தது சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம். பெண்ணின் அறிவு பட்டப்படிப்பு அளவுக்கு இருக்கிறது என்று பார்த்து முதுநிலைப் பாடத்திலேயே உட்காரவைத்தார்கள். 2016-ல் பதினேழு வயதில் அமெரிக்காவின் எம்ஐடி உதவித்தொகையோடு எடுத்துக்கொண்டது. பத்திரிகைகள் எம்ஐடியைத் தலைப்பாக்கின. சான்றிதழைக் கேட்காமல் பிள்ளையைச் சோதித்துப் பார்த்த சிறுசேரிதான் எனக்குப் பெரிய செய்தி. நம் ஊரில் அப்படிச் செய்யும் கல்லூரி இன்னும் எத்தனை?

2024-ல் உலக சதுரங்க சாம்பியனான குகேஷும் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரமாகப் பள்ளிக்குப் போனவர் இல்லை. அவரை வீட்டுக்கல்வியின் உதாரணமாக இழுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது விளையாட்டுப் பயிற்சியின் கதை. மகனுக்காகத் தொழிலை ஓரம் வைக்க முடிந்த மருத்துவர் வீட்டின் கதையும்கூட.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வியை உரிமையாக்கியது. அவர்களைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் எழுதவில்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியாவின் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் குடியிருக்கின்றன. பதின்வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்குச் சட்டம் குறுக்கே வராது என்று 2012-ல் மத்திய அரசு சொன்னது. அதே உறுதியோடு பிறகு நிற்கவில்லை. பதினான்கு முடிந்துவிட்டால் அந்தக் குழப்பமும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் கேட்காது. இதைச் சிலர் விடுதலை என்கிறார்கள். விசைத்தறி முதலாளிக்கும் அது தெரியும்.

வாசல்களைப் பார்ப்போம். ஒன்று, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கியது. பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்கும் பதினைந்து முடிந்தால் பன்னிரண்டுக்கும் பதியலாம். குறைந்தது ஐந்து பாடம், விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுத வழி உண்டு. வீட்டுக்கல்விக் குடும்பங்களில் பெரும்பாலோர் போவது இந்த வழியில்தான். இன்னொன்று நமக்கு நெருக்கமானது: மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது முடிந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். பதினான்கரை முடிந்தால் பத்தாம் வகுப்பு. 'டுட்டோரியல்' என்று பேருந்து நிலையங்களில் பலகை தொங்கும் இடங்கள் ஓடுவதே இந்தத் தேர்வை நம்பித்தான். தோற்றவர்களின் இடம் என்று நாம் ஏளனமாகப் பார்க்கும் அந்தத் தகரக் கூரைக்கும், பிள்ளையை வீட்டில் வைத்துச் சுதந்திரமாக வளர்க்கிறோம் என்னும் படித்த குடும்பத்துக்கும் விண்ணப்பப் படிவம் ஒன்றுதான்.

அந்தப் படிவத்தில் ஒரு முள் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. நேரடித் தனித்தேர்வர் முன்கூட்டியே பதிந்து, ஒதுக்கிய பள்ளிக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். பள்ளியே வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டுப் பிள்ளையும் ஆய்வகக் கண்ணாடிக் குழாய்க்காகப் பள்ளிப் படி ஏறத்தான் வேண்டும். குறையாக நான் இதைச் சொல்லவில்லை. லிட்மஸ் தாள் நிறம் மாறுவதைக் கைபேசியில் பார்ப்பதற்கும் விரலில் அமில வாடையோடு பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தப் பதிவுக்கான கெடு தவறினால் அந்த ஆண்டு போச்சு. பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தேதியை யாரோ ஒரு ஆசிரியர் நினைவில் வைத்துக்கொள்கிறார். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அதை நினைவில் வைக்கவும் வீட்டில்தான் ஆள் வேண்டும்.

திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழுக்கும் தொல்லை வந்திருக்கிறது. 2018 நீட் அறிவிப்பு திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தகுதி இல்லை என்றது. தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் வழி பிறந்தது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை வேதியியலோடு சேர்த்து வழக்கு விவரத்தையும் படிக்க வேண்டியிருந்தது.

இனி, யாரும் பேசாத ஒரு விலை. தமிழ்நாட்டில் ஏழைப் பிள்ளைக்கு அரசு போட்டுக்கொடுத்திருக்கும் ஏணியின் ஒவ்வொரு படியும் பள்ளி வருகையில் அடிக்கப்பட்டிருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மைக்கும் நீண்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் 2024-ல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வனுக்கும் அதே ஆறிலிருந்து பன்னிரண்டு வரையிலான கணக்குதான். பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி. தமிழ்வழி ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போக, முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கு ஆதாரம். ஓமலூரை அடுத்த ஒரு கிராமத்துப் பெண், அரசுப் பள்ளியில் ஒன்பதாவது முடித்து இரண்டு ஆண்டு வீட்டில் படித்துத் தனித்தேர்வில் தேறினாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுதியது எவ்வளவு நல்ல தேர்வானாலும் கல்லூரிக் காலத்தின் ஆயிரம் ரூபாயும் அந்த ஒதுக்கீடும் கைநழுவிப் போகும். கருப்பூரில், வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே அவள் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். ஆதலால் வீட்டுக்கல்வி இங்கே வசதி உள்ளவர் கையிலேயே தங்குகிறது. இந்தச் சலுகைகள் எதுவும் தேவைப்படாதவர்தான் அவற்றை விட்டுக்கொடுக்க முடியும்.

பிறகு ஏன் சில பெற்றோர் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள்? விடை தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகளை ஊரே 'பிராய்லர் பள்ளி' என்றுதான் சொல்லும். கோழிப்பண்ணை மாவட்டத்துக்காரர்கள் வைத்த பெயர். பொருத்தம் பார்த்தே வைத்திருக்கிறார்கள். விடியுமுன் எழுப்பிப் படிக்கவைப்பது, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் பாடத்தையே இரண்டு ஆண்டு உருப்போட வைப்பது, வாரக்கடைசியிலும் தேர்வு. இதற்குத் தடை போடத்தான் 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. இந்த விடுதிகளிலிருந்து வாடி வந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு "நீ வீட்லயே இரு சாமி, பார்த்துக்கலாம்" என்று சொல்லும் அம்மாவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவருக்குக் கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

தத்துவத்தோடு வந்தவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஓமலூரைத் தாண்டி வடக்கே போனால் தருமபுரி. அங்கே நாகர்கூடல் என்ற கிராமத்தில் மீனாட்சி உமேஷ் நடத்தும் புவிதம் கற்றல் மையம் இருக்கிறது. கட்டடக்கலை படித்துவிட்டு வறண்ட நிலம் ஒன்றில் குடியேறிய தம்பதி, தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கியது அது. ஊர்ப் பிள்ளைகளும் வந்து சேர, வீட்டுப் பாடம் பள்ளியாயிற்று. மண், விதை, வெயில் என்று பாடத்தை வயலிலிருந்து எடுத்தார்கள். அதே மாவட்டத்தின் சித்தேரி மலைப் பக்கம் சிட்லிங்கியில், அனுராதாவும் கிருஷ்ணாவும் தொடங்கிய துளிர், பத்தாம் வகுப்பில் தோற்றும் பாதியில் நின்றும் வீட்டில் இருந்த பழங்குடி இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கைத்தொழிலும் தேர்வுப் பாடமும் சொல்லிக்கொடுத்தது. இரண்டிலும் எனக்குப் பட்டது ஒன்று: வீட்டுக்கல்வி நன்றாக நடந்த இடத்திலெல்லாம் அது வீட்டோடு நிற்கவில்லை. நாலு பிள்ளை கூடியதும் திண்ணையாயிற்று, பிறகு கொட்டகையாயிற்று. பதின்வயதுக்குக் கூட்டாளி வேண்டும். கணக்கை அம்மா சொல்லித்தரலாம். அம்மாவைப் பற்றிக் குறை சொல்ல ஒருவன் வேண்டுமே, அவனுக்கு எங்கே போவது?

அம்மா என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வீட்டுக்கல்வி என்ற சொல்லுக்குள் பெரும்பாலும் ஒரு பெண்ணின் முழுநாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. தறி ஓட்டும் வீட்டில், குச்சிக்கிழங்குக் காட்டுக்குப் போகும் வீட்டில் அந்த நாள் யாரிடமும் மிச்சம் இல்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டப்பட்டபோது இது அம்பலமாயிற்று. தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் வீட்டுக்கல்விக்கு மாறியது. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது, வீட்டில் இருந்த ஒரு கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போனது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் திரும்பப் பள்ளிக்குள் வந்தது 2021 ஜனவரி 19-ல்; மார்ச்சில் பத்தாம் வகுப்புக்கு மறுபடி பூட்டு. ஒரு தலைமுறைப் பதின்வயதினர் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. அது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதும் பத்தும் படித்த பிள்ளைகளுக்கு இல்லம் தேடி எவரும் வரவில்லை. வீட்டில் படிப்பது எப்படி என்று இந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் நிறையவே இருக்கும். அதில் சுதந்திரம் என்ற சொல் வருமா என்பது சந்தேகம்.

சட்டமே வாய்விட்டு 'வீட்டுவழிக் கல்வி' என்று ஏற்றுக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. கடுமையான அல்லது பல்வகை ஊனம் உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வர வேண்டும். தசைச்சிதைவு நோயோடு வளர்ந்து, சக்கர நாற்காலியிலிருந்தே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி சகோதரிகள் சேலத்துக்காரர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேர வருகை எந்த மூலைக்கு என்ற கேள்வி தனிக் கட்டுரைக்கு உரியது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு சட்ட வரி. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஒரு விலக்கும் தருகிறது: பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்குக் கைகொடுக்கலாம். பள்ளி நேரம் என்ற ஒன்று இருக்கும் வரைதான் இந்தக் கோடு தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? தாரமங்கலம் பக்கம் தறி வீட்டில் காலை பத்து மணிக்குத் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துவிட்டு அதிகாரி கேட்டால், "வீட்லயே படிக்குதுங்க, இப்ப இடைவேளை" என்று சொல்லிவிடலாம். கொலுசுக்குப் பற்றவைக்கும் பட்டறையிலும் அதே பதில் வரலாம். பதினான்கு தாண்டிவிட்டால் அந்தப் பதில்கூடத் தேவையில்லை. ஆபத்தான தொழில் பட்டியலில் இல்லாத எதையும் செய்யலாம். 1953-ல் தெருவில் நின்று எதிர்த்த அரைநாள் தொழில், அரசுத் திட்டமாக இல்லாமல் தனி வீட்டின் விருப்பமாகத் திரும்பி வர இடம் இருக்கிறது.

பெண் பிள்ளைக்கு அபாயம் இன்னும் கூட. வயதுக்கு வந்த பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு "வீட்ல இருந்தே ப்ளஸ் டூ எழுதிக்குவா" என்று சொல்லும் குடும்பங்கள் நமக்குப் புதிதா? பலர் எழுதுவதில்லை. பதினெட்டு முடியுமுன்னே பத்திரிகை அடிக்கப்படும் கல்யாணங்களை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டு நிறுத்துவதில் பாதி வேலை பள்ளித் தோழிகளுடையது, ஆசிரியைகளுடையது. ஒரு வாரமாக வரவில்லையே என்று கவனிக்க ஒரு வகுப்பறை இருந்தால்தான் அந்தப் போன் போகும்.

இதையெல்லாம் சொல்லி வீட்டுக்கல்விக்குப் பூட்டுப் போடச் சொல்கிறேனா? இல்லை. முத்துலட்சுமிக்கு இருந்த மூன்றோடு நான்காவதாக ஒன்று சேர வேண்டும்: பிள்ளையின் வாய்ச்சொல். பதினைந்து வயதுக்கு அது உண்டு. சதுரங்கத்துக்காகவோ, நோயினாலோ, விடுதியில் பட்ட கசப்பினாலோ, வேறு எதனாலோ தானே வீட்டில் படிக்கக் கேட்ட பிள்ளையும், நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளையும் அரசின் கணக்கில் ஒரே ஆள். ஆண்டுதோறும் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. கோடை வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாக நடக்கிறார்கள். வாசலில் நின்று கேட்கும் கேள்விக்குப் பெரும்பாலும் பெற்றோரே பதில் சொல்கிறார்கள். பிள்ளையைத் தனியே அழைத்து நாலு வார்த்தை பேசட்டும். திறந்தநிலைப் பள்ளியிலோ தனித்தேர்விலோ பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், பிள்ளைக்கும் சம்மதம் என்றால், அந்த வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம். மறு ஆண்டு தேர்வு எழுதினானா என்று மட்டும் விசாரித்தால் போதும். எண் இல்லையென்றால், அது எந்தப் பெயரில் நடந்தாலும் பள்ளியை விட்டு நின்றதுதான்.

அதுபோல, அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்து, உடல்நிலையாலோ குடும்பச் சூழலாலோ ஓரிரு ஆண்டு வீட்டில் படிக்க நேர்ந்த பிள்ளையிடமிருந்து 7.5 சதவீதத்தையும் ஆயிரம் ரூபாயையும் பிடுங்காமல் இருக்க விதியில் ஒரு வரி சேர்க்கலாம். தனித்தேர்வு விண்ணப்ப அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில் சின்னக் கட்டத்தில் வந்து மறைந்துவிடுகிறது. செய்முறை வகுப்புக்கான கெடு அதைவிடச் சின்ன எழுத்தில். கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர் கையில் அந்த இரண்டு தேதியும் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்தனுப்பினால், அதை அவர் பெற்றோரிடம் நீட்டாமல் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு வரலாம்.